தோள்ல மூணு பட்டை, கையில ஒரு ஆஃபர் லெட்டர்

போன மாசம் சிமுலேட்டர் செக் பத்தி எழுதினேன், ஆனா அதப் பத்தி கேட்டு வந்த கடிதத்தவிட கம்பெனி மாறலாமான்னு கேட்டு வந்ததுதான் அதிகம். சரி, இந்த மாசம் அதுக்கே.

கே: கேப்டன் சார், ஏ320 விமானத்துல ஃபர்ஸ்ட் ஆஃபீசரா, அதாவது கேப்டன் பக்கத்துல துணை பைலட்டா இருக்கேன், மொத்தம் 3,100 மணி நேரம் ஆச்சு. இங்கயே இருந்தா ஒன்றரை வருஷத்துல கேப்டன் ஆக்கிடுவோம்னு சொல்றாங்க, வாயாலதான், எழுத்துல எதுவும் இல்ல. இன்னொரு ஏர்லைன்ஸ்ல ஏ350ங்கற பெரிய விமானத்துல வலது சீட்டுக்கு, அதாவது இதே ஃபர்ஸ்ட் ஆஃபீசர் வேலைக்கு கூப்பிடுறாங்க, சம்பளம் ஒன்றரை மடங்கு. என் பேட்ச்ல நாலு பேர் போயாச்சு. நான் என்ன பண்ணட்டும்? – பேர் போட வேண்டாம்

பதில்: தம்பி, நாலு பேர் போயாச்சுன்னு பயந்துபோய் எழுதியிருக்கீங்க. அந்த நாலு பேரும் சீனியாரிட்டி லிஸ்ட்ல உங்களுக்கு மேல இருந்தவங்களா கீழ இருந்தவங்களா? மேலன்னா நீங்க உக்காந்த இடத்துலயே நாலு படி ஏறிட்டீங்க, அவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்க.

சம்பளத்த கொஞ்சம் ஓரமா வைங்க. சீனியாரிட்டி பாக்குற கம்பெனில லீவு, ட்யூட்டி ரோஸ்டர், எந்த ஊர்லேர்ந்து பறக்கறதுங்கற பேஸ், கேப்டன் ஆகுறது எல்லாமே அந்த நம்பர வச்சுதான், நீங்க வேற எடம் போனா 3,100 மணி நேரமும் உங்க லாக்புக்ல பத்திரமா இருக்கும் ஆனா லிஸ்ட்ல கடைசி ஆளு நீங்கதான், நேத்து சேந்த சின்னப் பையனுக்கும் கீழ. அதனால ஆஃபர் லெட்டர்ல போட்டிருக்கற தொகைய பாக்காம, ரெண்டு எடத்துலயும் எந்த வருஷம் இடது சீட்டுக்கு, கேப்டன் சீட்டுக்கு வருவோம்னு கணக்கு போடுங்க. உங்களுக்கு மேல இருக்கறவங்கள்ல எத்தன பேர் ரிட்டயர் ஆகுற 65 வயசுக்கு கிட்ட, அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல எத்தன விமானம் வருது, எத்தன லீஸ் முடிஞ்சு திரும்பப் போகுது, இத ஒரு பேப்பர்ல எழுதுங்க. நாள் முழுக்க ஓடுற ஒரு ஏ320க்கு ஏறக்குறைய அஞ்சு செட் ஆள் வேணும், ஒரு செட்டுக்கு ஒரு கேப்டன், ஒரு ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அப்ப பத்து விமானம் வந்தா அம்பது கேப்டன் சீட். ஆர்டர் போட்டதும் டெலிவரி ஆனதும் ஒண்ணு இல்லைங்கறத மட்டும் மறந்துடாதீங்க. 2019 மார்ச்ல 737 மேக்ஸ உலகம் பூரா நிறுத்தினாங்க, அமெரிக்கா மறுபடி பறக்க விட்டதே 2020 நவம்பர்லதான், அந்த விமானத்த நம்பி கேப்டன் தேதிய எண்ணிட்டிருந்தவங்க எல்லாம் வலது சீட்லயே உக்காந்திருந்தாங்க. வயசுக் கணக்கும் கவுத்துவிடும். 2007 டிசம்பர்ல அமெரிக்காவுல ரிட்டயர்மென்ட் வயச 60லேர்ந்து 65 ஆக்கினாங்க, மேல இருந்த பெருசுங்க அடுத்த அஞ்சு வருஷத்துக்கு எழுந்திருக்கவே இல்ல, கீழ இருந்தவன் பாடு என்னாயிருக்கும்னு நீங்களே யோசிங்க.

என் கதையும் இதே லட்சணம்தான். "ரெண்டு வருஷத்துல கமாண்ட்", அதாவது கேப்டன் பதவின்னு ஒரு கம்பெனி சொன்னத நம்பி பழைய வேலைய விட்டேன், நான் சேந்து ஆறு மாசத்துல வர வேண்டிய விமானத்தையெல்லாம் தள்ளிப் போட்டுட்டாங்க. ஒரு நாள் ராத்திரி ஹோட்டலுக்குப் போற க்ரூ பஸ்ஸுல ஏறினா, பழைய கம்பெனில எனக்கு ரெண்டு நம்பர் கீழ இருந்த பையன் முன்னாடி சீட்ல உக்காந்திருக்கான், தோள்ல கேப்டனுக்குரிய நாலு பட்டை. மரியாதையா எழுந்து "வாங்க சார்"னு எடம் வேற குடுத்தான். அந்த 'சார்' இருக்கே, அது என்னப் படுத்தின பாடு எனக்குத்தான் தெரியும். மொத்தத்துல நான் கேப்டன் ஆக அஞ்சு வருஷம் ஆச்சு.

அடுத்து, பெரிய விமானத்து ஆசை. தப்பில்ல, எனக்கும் இருந்துது. ஆனா லாங் ஹால்ல, அதாவது தூர தேசத்து ஃப்ளைட்ல, மணி நேரம் மளமளன்னு ஏறும், லேண்டிங் ஏறாது. இப்ப நீங்க ஒரே நாள்ல நாலு செக்டர், அதாவது நாலு ஃப்ளைட் போறீங்க, அதுல ரெண்டு லேண்டிங்காவது உங்க கைக்கு வரும். அங்க ஒரு பதினாலு மணி நேர ஃப்ளைட்டுக்கு மூணு நாலு பைலட், இறக்குறது ஒரே ஆளு. 90 நாள்ல மூணு டேக்ஆஃப் மூணு லேண்டிங்ங்கற விதிக்கே தேறாம சிமுலேட்டர்ல போய் போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. அதோட நாளைக்கு எங்க வேலைக்குப் போனாலும் மொதல்ல கேக்கறது கமாண்ட் ஹவர்ஸ், கேப்டனா பறந்த மணி நேரம் எவ்ளோங்கறதுதான்.

அதனால இப்படிப் பண்ணுங்க. கடைசி பன்னெண்டு மாசத்துல எத்தன பேர கேப்டனா அப்கிரேட் பண்ணீங்க, அவங்க சீனியாரிட்டி நம்பர் என்ன, இந்த ரெண்டையும் சீஃப் பைலட்கிட்ட நேரா கேளுங்க. நம்பரோட பதில் வந்தா இருங்க, கேப்டன் ஆகி ஒரு ஆயிரம் மணி நேரம் இடது பக்கம் பறந்துட்டு அப்புறம் போங்க, ஏ350 எங்கயும் ஓடிடாது. "பாக்கலாம், சீக்கிரம் ஆயிடும்"னு இழுத்தாங்கன்னா கிளம்புங்க, நான் தடுக்கல.

கிளம்பறதா இருந்தா ட்ரெயினிங் பாண்ட் பேப்பர, அதாவது பாதில விட்டுப் போனா ட்ரெயினிங் செலவ கட்டறேன்னு எழுதிக் குடுக்கறத, நிதானமா படிங்க. நீங்க கட்ட வேண்டிய தொகை மாசா மாசம் குறையுதா இல்ல கடைசி நாள் வரைக்கும் முழுசா நிக்குதா, கம்பெனியே உங்கள அனுப்பினாலும் நீங்கதான் கட்டணுமா. இந்த ரெண்டாவது வரிய நெறைய பேர் படிக்காமலே கையெழுத்து போடுறாங்க. முக்கியமா, புது எடத்துல சிமுலேட்டர் டெஸ்ட், மெடிக்கல் ரெண்டும் பாஸாகி சேர்ற தேதி எழுத்துல கைக்கு வர்ற வரைக்கும் ராஜினாமா லெட்டர டைப் கூட பண்ணாதீங்க.

கே: ஐயா, என் வீட்டுக்காரர் கேப்டன். வெளிநாட்டு கான்ட்ராக்ட் ஒண்ணு வருது, ஆறு வாரம் வேலை, ரெண்டு வாரம் லீவு. கொழந்தைங்க படிப்பால நாங்க கூட போக முடியாது. ஒத்துக்கலாமா? – ஒரு பைலட்டோட மனைவி

பதில்: அம்மா, அந்த ரெண்டு வாரம் எந்த நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு அவரக் கேக்கச் சொல்லுங்க. கடைசி ஃப்ளைட் ராத்திரி இறங்கி, மறுநாள் வீட்டுக்கு வர டிக்கெட் கெடச்சு, திரும்பிப் போறப்ப ஒரு நாள் முன்னாடியே போய் ரெஸ்ட் எடுத்துன்னு பாத்தா பதினாலு நாள் பதினொண்ணாயிடும். டிக்கெட் கன்ஃபர்ம்டா ஸ்டாண்ட்பையாங்கறதும் கான்ட்ராக்ட்ல இருக்கணும், காலி சீட் இருந்தா வரலாம்னு குடுத்தா பண்டிகை நாள்ல அவர் ஏர்போர்ட் பெஞ்சுலதான் இருப்பார். லைசென்ஸ் விஷயமும் பாருங்க. சில நாடு இப்ப இருக்கற லைசென்ஸ தற்காலிகமா ஏத்துக்கும், சில எடத்துல மறுபடி பரீட்சை எழுதணும், ஐரோப்பா லைசென்ஸுக்கு 13 பேப்பர். பாஸாகுற வரைக்கும் முழு சம்பளமா பாதியான்னு கேட்டு வைங்க. இதெல்லாம் சரியா இருந்தா ஒரு ரெண்டு வருஷத்துக்கு ஓகேம்மா, அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். நான் நாலு வருஷம் அப்படி இருந்தேன், சின்னவளுக்கு முன்பல் விழுந்தத ஃபோட்டோலதான் பாத்தேன்.

கே: எங்க கம்பெனி இன்னொண்ணோட சேரப்போகுதுன்னு பேச்சு. அதுக்கு முன்னாடியே ஓடிடலாமா? – ஒரு ஃபர்ஸ்ட் ஆஃபீசர்

பதில்: பேச்சுக்கெல்லாம் ஓடாதீங்க. ஆனா ரெண்டு லிஸ்ட்டையும் எப்படி கலப்பாங்கங்கறதுல கண்ணு வைங்க, சேந்த தேதிப்படியா இல்ல விகிதப்படியா. 2005ல அமெரிக்கா வெஸ்ட், யூஎஸ் ஏர்வேஸ்னு ரெண்டு ஏர்லைன்ஸ் சேந்துச்சு, 2007ல நடுவர் ஒரு லிஸ்ட் குடுத்தார், ஒரு தரப்பு ஒத்துக்கல, சண்டை பத்து வருஷத்தையும் தாண்டி இழுத்துச்சு. விமானத்துக்கு ஒரே பெயின்ட் அடிச்சாச்சு, பைலட்டுங்க மட்டும் ரெண்டு லிஸ்ட்டா இருந்தாங்க. உங்க யூனியன் மீட்டிங்குக்கு போறீங்களா? போங்க.

கே: வயசு 52, கேப்டன். வேற எடத்துல நேரடி கேப்டனா கூப்பிடுறாங்க. – ஒரு வாசகர்

பதில்: அண்ணே, பதிமூணு வருஷம் இருக்கு. நாலு பட்டை அப்படியே இருக்கும், நம்பர் கடைசியாயிடும், அதனால அம்பத்திரண்டு வயசுல ராத்திரி மூணு மணிக்கு கூப்பிட்டாலும் ஓடத் தயாரா இருக்கற ஸ்டாண்ட்பை ட்யூட்டி வரும். 2020 மாதிரி ஒண்ணு வந்து ஆள் குறைச்சா பெரும்பாலும் கடைசியா வந்தவர்தான் மொதல்ல வெளிய. இப்ப இருக்கற கம்பெனி சம்பளத்த தள்ளித் தள்ளிப் போடுதுன்னா தாராளமா போங்க. வெறும் சலிப்புன்னா ஒரு மாசம் லீவு போட்டுப் பாருங்க.

கே: "ஏன் பழைய கம்பெனிய விடுறீங்க"ன்னு இன்டர்வியூல கேட்டா?

பதில்: உண்மைய ரெண்டு வரில சொல்லுங்க, திட்டாதீங்க. பேனல்ல உக்காந்திருக்கறவர்ல ஒருத்தராவது அங்கேர்ந்து வந்தவரா இருப்பார்.