ஒலிப்பதிவில் நுழையும் 'ஹம்': வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லேப்டாப்பில் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் தொடர்ச்சியான உறுமல் ('ஹம்') எழுகிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது. சார்ஜர் பழுதா?

பதில்: மூன்று பின் சார்ஜர் என்றால், பெரும்பாலும் பழுதில்லை; காரணம் எர்த் லூப். சார்ஜரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்குகளில் இருக்கும்போது, அவற்றின் எர்த் சுவருக்குள் ஓடும் கம்பி வழியாக ஒருமுறையும், ஆடியோ கேபிளின் ஷீல்டு (சிக்னல் கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாக இன்னொரு முறையும் இணைந்து ஒரு வளையமாகிவிடுகிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே, ஷீல்டில் மின்னோட்டம் பாய்ந்து, மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் ஒலியில் கலந்துவிடும். முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் நீடித்தால், ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் (லேப்டாப்போடு இணையும் ஒலிப்பதிவுக் கருவி) ஸ்பீக்கருக்கும் இடையே, சிக்னலை இரு கம்பிகளில் கொண்டுசெல்லும் பேலன்ஸ்டு கேபிளைப் பயன்படுத்துங்கள். இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும் இரைச்சலை, இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் உள்ளீடு தள்ளிவிடும்.

கேள்வி: எர்த் பின்னை நீக்கினால் ஹம் நிற்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காப்பது அந்த எர்த் இணைப்புதான். ஒரு கை கிட்டார் கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும் பாடகருக்கு, அது இல்லாத ஆம்ப்ளிஃபயர் உயிருக்கே ஆபத்து. கிட்டார் போன்றவற்றை மிக்ஸருடன் இணைக்க உதவும் டி.ஐ. பாக்ஸிலுள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டுமே துண்டிக்கிறது. லூப்பை உடைக்க அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: கிட்டார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது. உள்ளே வயரிங் தவறா?

பதில்: இல்லை, சரியாக இருப்பதன் அடையாளமே அது. சுற்றியுள்ள மின்புலத்தை வாங்கி பிக்அப்புக்குக் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) கடத்தும் உங்கள் உடல், எர்த் செய்யப்பட்ட கம்பியைத் தொட்டதும் அமைதியாகிவிடுகிறது. கிட்டாரின் உட்குழிவில் தாமிரத் தகடு ஒட்டி எர்த் செய்தால் இந்த இரைச்சல் மேலும் குறையும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புலத்தை மெல்லிய தாமிரம் தடுக்காது; சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்அப் என்றால், உட்காரும் திசையை மெல்லத் திருப்பி, ஹம் மிகக் குறையும் கோணத்தில் நின்று பதிவுசெய்வதே நல்லது.

கேள்வி: ஏற்கெனவே பதிவான குரலிலிருந்து ஹம்மை நீக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் 50 ஹெர்ட்ஸை அடக்கினாலும், காதுக்கு அதைவிட எடுப்பாகக் கேட்கும் 100, 150, 200 ஹெர்ட்ஸ் மடங்குகள் குரலின் எல்லைக்குள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் மிகக் குறுகிய நாட்ச் ஃபில்டரை வையுங்கள். அகலமாக வெட்டினால் குரல் மெலிந்துபோகும். அதற்கு முன், யாரும் பேசாத இடைவெளியை எந்த அதிர்வெண் எவ்வளவு உள்ளது எனக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைஸரில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 100 ஹெர்ட்ஸ் மட்டும் ஓங்கி நின்றால், லூப்பைவிட ஏதேனும் ஒரு கருவியின் பவர் சப்ளையில் தேய்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால், மூடியை நீங்களே திறக்காமல் பழகிய டெக்னீஷியனிடம் கொடுங்கள்.