பல் மருத்துவர் பதில்கள்: சாஃப்ட் கார்டில் ஓட்டை விழுந்துவிட்டது, அடுத்து எது போடலாம்?

கேள்வி: எனக்கு வயது 43. கூட்டுறவு வங்கியில் வேலை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று என் கணவர் சில வருடங்களாகவே சொல்லி வருகிறார். காலையில் எழுந்தால் தாடையும் நெற்றிப்பொட்டும் வலிக்கின்றன. போன வருடம் ஒரு பல் மருத்துவர் சாஃப்ட் நைட் கார்டு (தூங்கும்போது பல் மேல் மாட்டிக்கொள்ளும் மிருதுவான பிளாஸ்டிக் உறை) செய்து கொடுத்தார். நாலைந்து மாதத்தில் கடைவாய்ப் பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. இதற்கிடையே கீழ்க் கடைவாய்ப்பல்லில் போட்டிருந்த கேப்பின் ஓரமும் உடைந்துவிட்டது. இப்போது வேறொரு மருத்துவர் ஹார்ட் அக்ரிலிக்கில் செய்யலாம் என்கிறார். செலவு மூன்று மடங்கு. என் மகனோ, வெந்நீரில் போட்டுக் கடிக்கிற கார்டு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறதே என்கிறான். எதை வாங்குவது? மனப்பதற்றத்துக்கு ஒன்றரை வருடமாக எஸ்சிடலோபிராம் மாத்திரை எடுக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, ஹார்ட் அக்ரிலிக்கே போடுங்கள். உங்கள் பழைய கார்டில் விழுந்த ஓட்டையே அதற்குப் போதுமான காரணம். அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால், புதிய மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டு போங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்தப் பல் எவ்வளவு அழுத்துகிறது, தாடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். நீங்கள் தூங்கும்போது நடப்பதை நேரில் பார்க்க முடியாத எங்களுக்கு அது பெரிய உதவி.

சாஃப்ட் கார்டு செய்யும் பொருள் எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக இ.வி.ஏ. செருப்புக்கும் ஷூவுக்கும் அடிப்பகுதி செய்கிற அதே வகைதான். தாளாக வரும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, உங்கள் பல் அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படிய வைத்தால் கார்டு தயார். விலை குறைவு, போட்டதும் வாய்க்குச் சுகமாக இருக்கும். லேசாகக் கடிப்பவர்களுக்கும், கொஞ்ச காலத்துக்கு மட்டும் தேவைப்படுபவர்களுக்கும் அதைக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அழுத்தினால் அமுங்கிக்கொடுக்கிற பொருள் என்பதால், சிலருக்கு அது வாயில் சூயிங் கம் இருப்பதுபோல ஆகி, தாடையை இன்னும் மெல்லத் தூண்டுகிறது. 1987-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் ஜெஃப்ரி ஒகேசன் ஓர் ஆய்வை வெளியிட்டார். மொத்தமே 10 பேர்தான். ஹார்ட் கார்டு போட்டபோது 8 பேருக்கு இரவில் தாடைத் தசையின் வேலை குறைந்தது. சாஃப்ட் கார்டு போட்டபோது ஒருவருக்குத்தான் குறைந்தது, 5 பேருக்குக் கூடிவிட்டது. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாஃப்ட் கார்டைக் கடித்தே துளைத்துவிட்டவர்கள் அந்த 5 பேர் பக்கம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஹார்ட் கார்டு செய்யும் அக்ரிலிக், பாலி மெத்தில் மெத்தக்ரிலேட் என்கிற கெட்டியான பிளாஸ்டிக். பல்செட்டில் ஈறு மாதிரி ரோஸ் நிறத்தில் இருக்கும் பகுதியும் இதே பொருள்தான், இதில் நிறம் சேர்க்க மாட்டார்கள். உங்கள் எனாமலைவிட இது மென்மையானது. அதனால் தேய்வதென்றால் கார்டுதான் தேயும், பல் தேயாது. கவனமாகப் பார்த்துக்கொண்டால் வருடக் கணக்கில் வரும். ஓரிடத்தில் தேய்ந்துவிட்டால் கிளினிக்கிலேயே அக்ரிலிக் சேர்த்து நிரப்பிவிடலாம். சாஃப்ட் கார்டில் இதற்கு வழியில்லை.

மூன்று மடங்கு பணம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்தப் பணம் பொருளுக்கு மட்டும் அல்ல, கார்டு வந்த பிறகு நாற்காலியில் நடக்கும் வேலைக்கும் சேர்த்துத்தான். மேல்தாடையில் கார்டை மாட்டி, பற்களுக்கு நடுவே மெல்லிய நீலத் தாளை வைத்து 'கடிங்க, இந்தப் பக்கம் தேய்ங்க, அந்தப் பக்கம் தேய்ங்க' என்பார்கள். கார்டில் நீலப் புள்ளிகள் விழும். முதலில் பார்த்தால் ஓரிடத்தில் அழுத்தமாக ஒரு திட்டு இருக்கும், வேறு இடங்களில் ஒன்றுமே இருக்காது. திட்டு விழுந்த இடத்தை மட்டும் மெஷினால் துளித்துளியாகச் சுரண்டி, மறுபடி தாளை வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கார்டைத் தொட வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பல் மட்டும் உரசி, கடைவாய்ப்பற்கள் விலகிக்கொள்ள வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும், அவசரத்தில் ஆகாது. சாஃப்ட் பொருளில் மெஷின் வைத்தால் அது இழுபட்டுப் பிசிறு பிசிறாக வரும், இப்படி நுணுக்கமாகச் சரிசெய்ய முடியாது. ஹார்ட் போடச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணமே இதுதான்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் அந்த மருத்துவரிடம், 'கார்டு கொடுத்த பிறகு கடி பார்க்க மறுபடி எப்போது வர வேண்டும்? அதற்குத் தனியாகப் பணமா?' என்று கேளுங்கள். 'மாட்டிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்' என்று பதில் வந்தால், எவ்வளவு உயர்ந்த பொருளில் செய்தாலும் வேறு இடம் பாருங்கள். சரியாகப் பார்க்காத ஹார்ட் கார்டு தாடை மூட்டை நோகடிக்கும்.

உள்ளே சாஃப்ட், வெளியே ஹார்ட் என்று இரண்டு அடுக்கிலும் ஒன்று உண்டு. ஹார்ட் போட்டால் பல்லை இறுக்குகிறது என்று சொல்பவர்களுக்கு அது ஒத்துப்போகும். நாளடைவில் அடுக்குகள் பிரிந்துவரலாம் என்பதுதான் குறை. கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கடைந்தெடுக்கும் அக்ரிலிக் நல்ல பொருள், வசதி இருந்தால் எடுக்கலாம்.

மகன் சொன்ன வெந்நீர் கார்டு வேண்டாம். அதுவும் மிருதுவான பொருள்தான். போதாததற்கு, அதை நீங்களே கடித்து வடிவம் கொடுப்பதால் உங்கள் கடி எவ்வளவு கோணலோ அவ்வளவும் அதில் பதிந்துவிடும். முன்பற்களை மட்டும் மூடுகிற குட்டிக் கார்டுகளையும் வாங்காதீர்கள். மூடாத கடைவாய்ப்பற்கள் மெல்ல மேலெழுந்து, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போய்விடலாம். தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இனி முக்கியமான ஒன்று. உடைந்த கேப்பை முதலில் மாற்றுங்கள், அதற்குப் பிறகு கார்டுக்கு அளவு கொடுங்கள். முறை மாறினால், புதிய கேப் வந்ததும் கடி மாறிவிடும். புதுக் கார்டைத் திரும்பச் சுரண்ட வேண்டிவரும், செலவும் இரண்டாகும்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னீர்களே, மிகவும் நல்லது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் வகை மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பதைத் தொடங்கிவைக்கும், ஏற்கெனவே இருந்தால் கூட்டிவிடும். உங்களுக்கு மாத்திரைக்கு முன்பே இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது, அதற்குப் பிறகு கூடியதா என்று யோசித்துப் பாருங்கள். கணவரிடமும் கேளுங்கள். தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்பதையும் பரிசோதிக்க வேண்டும். அப்படி இருப்பவர்களில் சிலருக்கு மேல்தாடைக் கார்டே மூச்சுத் தடையை அதிகமாக்கலாம். ஆகவே அளவு கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

கார்டு பல்லைக் காப்பாற்றும், கடிக்கும் பழக்கத்தை அதனால் நிறுத்த முடியாது. பகலில் கவுன்டரில் கணக்குப் பார்க்கும்போது பல் மேல் பல் அழுந்தியிருக்கிறதா என்று அவ்வப்போது கவனியுங்கள். உதடு சேர்ந்திருக்கலாம், பற்கள் விலகித்தான் இருக்க வேண்டும். தாடை வலி குறைவதில் இதற்கும் பங்கு உண்டு.

கழுவுவதற்குக் குளிர்ந்த தண்ணீர், மென்மையான பிரஷ், ஒரு சொட்டு லிக்விட் சோப் போதும். பேஸ்ட் போட்டால் கீறல் விழும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். எப்போதும் டப்பாவிலேயே வையுங்கள். பேப்பரில் சுற்றி வைத்த கார்டு குப்பையோடு போன கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். போட்ட முதல் வாரத்தில் வாய் எரிந்தாலோ ஈறு சிவந்தாலோ கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு அக்ரிலிக் ஒத்துக்கொள்வதில்லை.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. ராத்திரி பல்லைக் கடிக்கும் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. வயிற்றில் பூச்சி இருக்கும் என்கிறார் மாமியார். அவளுக்கும் கார்டு போட வேண்டுமா?
— ஒரு தாய், தேனி

பதில்: வேண்டாம் அம்மா. பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் வயதில் நிறையக் குழந்தைகள் இப்படிக் கடிப்பார்கள், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். தாடை வளர்ந்துகொண்டிருக்கும்போது கார்டு போட்டால் சீக்கிரமே அளவு பத்தாமல் போகும், புதுப்பற்கள் வருவதற்கும் அது இடைஞ்சல். பூச்சி மருந்தை அதற்கான நேரத்தில் கொடுத்துவிடுங்கள், ஆனால் அதனால் பல் கடிப்பது நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி வாயைத் திறந்து மூச்சு விடுகிறாளா, குறட்டை விடுகிறாளா என்று கவனியுங்கள். அப்படியென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல் கூசுகிறது, வலிக்கிறது என்று அவளே சொன்னால் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.