இசை கேட்பதற்கென்றே ஓர் அறை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: கும்பகோணத்தில் சொந்த வீடு கட்டி வருகிறோம். மாடியில் 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்ற அளவில் இசை கேட்பதற்காகவே ஓர் அறையை வரைபடத்தில் ஒதுக்கியிருக்கிறேன். மாடிச் சுவர் இன்னும் எழும்பவில்லை. பழைய கச்சேரிப் பதிவுகளும் எண்பதுகளின் திரைப்பாடல்களும் என் விருப்பம். சுவரெங்கும் முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்கிறார் நண்பர். பெரிய ஸ்பீக்கராக வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். தங்கள் ஆலோசனை என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சுவர் எழும்பும் முன்பே கேட்டது மிகவும் நல்லது, ஏனெனில் உங்கள் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சதுர அளவைத்தான். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பும்போது, அந்த இடைவெளியைப் போல இரு மடங்கு அலைநீளமுள்ள தாழ்ந்த சுரமும் அதன் மடங்குகளும் அளவுக்கு மீறி வீங்கிக் கேட்கும். 12 அடிக்கு அது ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வுகள்), அடுத்தது 94. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் நான்கு சுவர்களும் சேர்ந்து இதே சுரங்களைத்தான் தூக்கிவிடும். பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தியே 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், நீங்கள் விரும்பும் திரைப்பாடல்களில் அதன் நடை ஒரு சுரத்தில் முட்டிக்கொண்டு ஒலிக்கும்; அடுத்த சுரத்தில் மெலிந்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கராலும் இதைச் சரிசெய்ய முடியாது. பெரிய ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலியை இன்னும் அதிகமாகத் தருவதால் குறை கூடவே செய்யும்.

ஒரு பக்கத்தை 16 அடியாக நீட்ட இடம் இருந்தால் தயங்காமல் நீட்டுங்கள். அப்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் முறையே 35, 47, 57 ஹெர்ட்ஸ் அளவில் பிரிந்து நிற்பதால் எந்தச் சுரமும் தனித்துத் துருத்தாது. ஒன்று மற்றொன்றின் சரி மடங்காக அமையும் 20க்கு 10 போன்ற அளவுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது எதிரொலிப்பு, அதாவது ஒலி எழுந்து நின்ற பிறகும் சுவர்களில் மோதி அறைக்குள் நீடிப்பது. இதை முதன்முதலில் அளந்து கணக்காக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். பேச்சே புரியாத புதிய விரிவுரை மண்டபம் ஒன்றைச் சீராக்கும் பணி 1895இல் அவரிடம் வந்தது. அவர் வேறோர் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, மெத்தை கூடக்கூட ஒலி அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அவருடைய சூத்திரத்தின்படி 12க்கு 16க்கு 10 அடி அறையில் ஒலி 0.4 நொடியில் அடங்க, தன்மீது படும் ஒலியை முழுவதும் உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 235 சதுர அடி தேவை. அது தரை, கூரை, சுவர்கள் எல்லாம் சேர்ந்த பரப்பில் கால் பங்கு. பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் தம்மீது படும் ஒலியில் சில விழுக்காட்டைத்தான் உறிஞ்சும் என்பதால், கனமான ஜமுக்காளம், மடிப்பு நிறைந்த திரைச்சீலை, துணி உறையிட்ட சோபா ஆகியவற்றோடு ஒலியை உறிஞ்சும் தனிப் பலகங்களும் வேண்டியிருக்கும்.

முட்டை அட்டை இதற்கு உதவாது. அது மேல்சுரங்களை மட்டும் சிறிது மழுக்கும், தாழ்ந்த ஒலியை அப்படியே விட்டுவிடும், எளிதில் தீப்பற்றவும் செய்யும். ஓர் அங்குல ஃபோமின் பலனும் ஏறத்தாழ இதுவே. தம்புராவின் மினுமினுப்பு போய்விடும், முழக்கம் மட்டும் எஞ்சும். அதற்குப் பதிலாக 4 அங்குலத் தடிப்பில் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) பலகைகளை மரச்சட்டத்தில் அடைத்து, காற்றுப் புகும் துணியால் மூடி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுங்கள். இருக்கையில் நீங்கள் அமர்ந்திருக்க, ஒருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் ஸ்பீக்கர் தெரியும் இடமே பலகத்துக்கு உரிய இடம். அறையின் மூலைகளில் இதைவிடத் தடிப்பாக நிரப்புங்கள், ஏனெனில் தாழ்ந்த ஒலி அங்குதான் குவிகிறது.

ஸ்பீக்கர்களை 12 அடிச் சுவரின் பக்கமாக, அச்சுவரிலிருந்து 4 அடி தள்ளி, ஒன்றுக்கொன்று 7 அடி இடைவெளியில் நிறுத்துங்கள். உங்கள் இருக்கை பின்சுவரிலிருந்து 6 அடியில் இருந்தால் மூன்று புள்ளிகளும் சமபக்க முக்கோணமாகும். அறையின் நட்டநடுவில் அமர்ந்தால் தாழ்ந்த ஒலி மெலியும், பின்சுவரை ஒட்டி அமர்ந்தால் மிகும் என்பதால் இரண்டுமே வேண்டாம். இந்த அளவுக்கு 6.5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பகுதி) உள்ள நடுத்தர ஸ்பீக்கரே தாராளம். மிஞ்சும் பணத்தைப் பலகங்களுக்குச் செலவிடுவதே என் உறுதியான பரிந்துரை.

ஒலி வெளியே செல்வதைத் தடுப்பது வேறு வேலை. அதற்குக் கனமும் இடைவெளியின்மையும் தேவை: 9 அங்குலச் செங்கல் சுவர், கனமான மரக்கதவு, கதவைச் சுற்றிலும் ரப்பர் பீடிங். பூச்சு வேலைக்கு முன்பே டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) இந்த அறைக்கென்று தனி மின்பாதையும் முறையான எர்த்தும், ஸ்பீக்கர் வயருக்கான குழாயும் பதித்துவிடச் சொல்லுங்கள்.