பழைய பேய்க் கதைகளுக்கு மலிவுப் பதிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கடையில் கிடைக்காத பழைய திகில் நாவல்களைக் குறைந்த விலையில் மறுபடி கொண்டுவருவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

1980களில் மாத நாவலாக வந்த திகில் கதைகள் ஏழெட்டு என்னிடம் இருக்கின்றன. எழுதியவர் காலமாகிவிட்டார். பதிப்பகமும் மூடியாயிற்று. அனுமதி யாரிடம் கேட்பது? கேட்காமலே போட்டால் என்ன?
– வாசகர், பாலக்கோடு

பதிப்பகத்துக்குப் பூட்டு விழுந்தாலும் கதையின் உரிமை எழுத்தாளர் வீட்டில்தான் இருக்கும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்ததற்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் அது செல்லும். 1990-இல் காலமானவர் என்றால் 2050 டிசம்பர் வரை. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். புதுமைப்பித்தன் 2002-இல் நாட்டுடைமையானவர்; அவருடைய பேய்க் கதைகளை நீங்கள் நாளைக்கே அச்சுக்கு அனுப்பலாம். ஆனால் இன்னொருவர் போட்ட பதிப்பின் முன்னுரையையும் அடிக்குறிப்பையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். அவை அவருடையவை.

மாத நாவல்களில் சிக்கல் ஒன்று உண்டு. 'முழு உரிமையும் கொடுத்தாயிற்று' என்று அந்தக் காலத்தில் வாய்வார்த்தையாகவே பல பேரம் முடிந்தது. எழுத்தாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. கையெழுத்துத் தாள் இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். 1995 மே 10-க்குப் பிறகு எழுதியது, கால அளவு குறிப்பிடவில்லை என்றால், 5 ஆண்டுகள்தான் கணக்கு. அதற்கு முந்தைய ஒப்பந்தத்துக்கு இந்த 5 ஆண்டுச் சலுகை பொருந்தாது. உங்கள் கையில் இருப்பது 80களின் சரக்கு என்பதால் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை என்றால் பலரும் பத்திரிகை ஆபீசுக்குத்தான் ஓடுகிறார்கள். வெளியில் இருந்து எழுதியவர், உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது அவருடையது. அந்தப் பத்திரிகையின் சம்பளக்காரராக இருந்து எழுதியிருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பத்திரிகைக்குச் சேர்வது பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே. புத்தக உரிமை எழுதியவருக்கு. 17-ஆம் பிரிவில் இது தெளிவாக இருக்கிறது.

குடும்பத்தில் மூத்த மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு வந்துவிட வேண்டாம். உயில் இல்லையென்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும். புத்தகம் வந்தபின் 'எங்களைக் கேட்கவில்லையே' என்று தங்கை வீட்டிலிருந்து வரும் போன்தான் மறுபதிப்புகளைக் கெடுக்கிறது. ஒப்பந்தத்தில் நூலின் பெயர், எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, எந்த ஊர் எல்லை, மின்நூல் உண்டா இல்லையா, ராயல்டி எவ்வளவு, என்றைக்குக் கணக்குக் கொடுப்பது – எல்லாவற்றையும் எழுதுங்கள். அட்டை ஓவியம் தனி உரிமை. ஓவியரிடமோ அவர் வீட்டாரிடமோ பேச முடியவில்லை என்றால் புது அட்டை போடுவதே மேல்.

எழுதியவரின் புனைபெயர் மட்டும் தெரிகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஊத்தங்கரை

ஆள் தெரியாத புனைபெயர் என்றால் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். உரிமையாளரைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் நாளிதழ்களில் அறிவிப்புக் கொடுத்து, உரிமத்துக்கு மனுச் செய்ய 31ஏ பிரிவில் வழி இருக்கிறது. 150 ரூபாய்ப் புத்தகத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அந்தக் கதையை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கையில் இருப்பது மஞ்சளடித்து, தொட்டால் உதிரும் பிரதி. திரும்பத் தட்டச்சு செய்வதா, ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) போடுவதா?
– வாசகர், ஓசூர்

எப்படியும் முதலில் ஸ்கேன் செய்யத்தான் வேண்டும். தட்டச்சு செய்பவரிடம் அசலைக் கொடுத்தால் பாதி துகளாகத்தான் திரும்பி வரும். நியூஸ்பிரிண்ட் என்ற செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். வெயிலும் காற்றும் பட்டு அது மஞ்சளாகிறது, கூடவே தாள் நொறுங்குகிறது.

முதுகுப் பக்கம் அடித்த பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். மழுங்கிய கத்தியால் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, மறுபக்கமாகத் தள்ளி எடுங்கள். பின்னோடு ஸ்கேன் செய்தால் உள்விளிம்பில் வரிக்கு ஒன்றிரண்டு எழுத்து மடிப்புக்குள் போய்விடும். ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். மறுபக்க அச்சு ஊடுருவித் தெரிவது பெருமளவு குறையும். 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), கிரேஸ்கேல் (சாம்பல் படிநிலை) போதும். நேரடியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய புள்ளிகள் காணாமல் போகும்.

அசல் 1978-க்கு முந்தியது என்றால் ஓ.சி.ஆரை நம்ப வேண்டாம். அந்த ஆண்டுதான் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பல அச்சகங்களில் பழைய எழுத்து அதற்குப் பிறகும் சில காலம் ஓடியது. தும்பிக்கை வைத்த லை, னை, சுழி போட்ட ணா, றா, னா எல்லாவற்றையும் மென்பொருள் வேறு ஏதோவாகப் படிக்கும். அப்படிப்பட்ட புத்தகத்தைத் தட்டச்சு செய்வதே வேகம்.

புதிய எழுத்துப் புத்தகத்திலும் காலும் ரகரமும் ஒன்றோடொன்று குழம்பும். 'சாவு' 'சரவு' ஆகும். மை அடைந்த இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகி, 'பேய்' 'பெய்' என்று வரும். பேய்க் கதையில் பேய்க்கே இந்தக் கதி. 'பெய்' எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால் 'மழை பெய்தது' 'மழை பேய்தது' ஆகிவிடும், ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். மெய்ப்பு இரண்டு முறை: ஒருவர் அசலை உரக்கப் படிக்க, மற்றவர் புதியதைப் பார்ப்பது ஒன்று, அசல் இல்லாமல் தனியாகப் படிப்பது மற்றொன்று.

இன்டிசைன் மென்பொருளில் பக்கம் அமைக்கும்போது 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும்.

மாத நாவலில் பக்கக் கணக்கு முன்பே முடிவானது. அதில் அடங்குவதற்காகத் தொடரின் சில அத்தியாயங்களை வெட்டியிருப்பார்கள். கதை முன்பு தொடராக வந்திருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் பழைய இதழ்களோடு ஒப்பிட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்த மறுபதிப்பை வாங்கத்தான் பழைய வாசகர் திரும்ப வருவார். பழைய நடையைத் திருத்தாதீர்கள். எழுத்துப் பிழையை மட்டும் சரிசெய்யுங்கள்.

192 பக்கம், 500 பிரதி. 120 ரூபாய்க்குக் கொடுக்க முடியுமா?
– வாசகர், தருமபுரி

கிரவுன் என்ற புத்தக அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 20×30 அங்குலத் தாள் ஒன்றில் 32 பக்கம் அடங்கும், ஆக 192 பக்கத்துக்கு 6 தாள். 500 பிரதிக்கு 3,000 தாள். ஓட்டத்தில் வீணாவதையும் சேர்த்து 7 ரீம் (ரீமுக்கு 500 தாள்) வாங்குங்கள். 60 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 60 கிராம்) மேப்லித்தோ தாளில் ரீம் ஏறக்குறைய 11.6 கிலோ. தாள்காரர் கிலோ விலை சொன்னால் இந்தக் கணக்கு கைகொடுக்கும். 11 பாயின்ட் எழுத்தில் பக்கத்துக்கு 190 சொல் வரும். 35,000 சொல் நாவல் சரியாக உட்காரும். கடைசியில் 195 பக்கம் என்று முடிந்தால் அந்த 3 பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் (சேர்ந்து அச்சாகும் 16 பக்கத் தொகுதி) போட வேண்டியிருக்கும். முன்பக்கங்களைக் குறைத்தாவது 16-இன் மடங்குக்குக் கொண்டுவாருங்கள்.

இனி விலை. தாள், பிளேட், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்ந்து பிரதிக்கு 60 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். 120 ரூபாய் விலையில் கடைக்கு 35 சதவீதம் கழிவு 42, ராயல்டி 10 சதவீதம் 12. உங்கள் கையில் 6 ரூபாய். அதில்தான் பார்சல், விமர்சனப் பிரதி, மடங்கிப் போனவை எல்லாம். 150 வைத்தால் அதே கணக்கில் 22 ரூபாய் 50 காசு நிற்கும். எங்கள் யோசனை 150. புத்தகத் திருவிழாவில் 10 சதவீதம் தள்ளி 135-க்குக் கொடுத்தால் கேட்பவருக்கும் திருப்தி. புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மகிழ்ந்துவிட வேண்டாம், தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை என்பதும் அதன் மறுபக்கம். 200 பிரதிதான் போகும் என்று தோன்றினால் தகடு வைத்து அடிக்கும் ஆஃப்செட்டை விட்டு டிஜிட்டலில் போடுங்கள். பிரதிச் செலவு கூடும், மூட்டை வீட்டில் தங்காது.

போன முறை போட்ட புத்தகத்தில் நடுப்பக்கங்கள் கழன்றன. கறுப்பு அட்டையில் முதுகோரம் வெள்ளைக் கோடு. அச்சகம் தாளைக் குறை சொல்கிறது.
– வாசகர், காவேரிப்பட்டணம்

தாளிலும் தப்பு இருக்கலாம்: தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். 20×30 தாளில் கிரவுன் போட்டால் இழை 30 அங்குலப் பக்கமாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் பலகைபோல் விறைக்கும்; வாசகர் அமுக்கித் திறப்பார், பசை விடும். தாளில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி ஒரு பக்கம் ஈரமாக்குங்கள், குழல்போல் சுருளும். குழலின் நீளவாக்குதான் இழை.

நடுப்பக்கங்கள் மட்டும் கழன்றால் பெரும்பாலும் காரணம் வேறு. பசை போடுமுன் முதுகை அரைத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அரைப்பு ஆழம் போதாவிட்டால் மடிப்பின் உள்தாள்களுக்குப் பசையே எட்டாது. கழன்ற தாளின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மழமழப்பாக, பசைத் தடமே இல்லாமல் இருந்தால் அச்சகத்தின் குறை.

வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் அட்டையை மடிப்புத்தடம் (மடிக்கும் இடத்தில் முன்பே அழுத்தும் கோடு) போடாமல் மடித்தது. 300 ஜி.எஸ்.எம். அட்டையில் முழுக் கறுப்பு அடித்தால் தடமும் லேமினேஷனும் இல்லாமல் மை உடையும். கறுப்பை வெறும் கறுப்பு மையில் அடித்தால் சாம்பலாகத் தெரியும். சயான் (நீலம்) 60, மெஜந்தா (இளஞ்சிவப்பு) 40, மஞ்சள் 40, கறுப்பு 100 சதவீதம் என்று கொடுங்கள். உள்ளே இருக்கும் சிறு எழுத்துகளுக்கு இதைச் செய்யாதீர்கள், நான்கு நிறங்களின் பதிவு மயிரிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகும். மேட் லேமினேஷனில் கறுப்பு அட்டை கைரேகை காட்டும், திகில் நாவலுக்குப் பொருத்தம் என்று சமாளிக்கலாம்.

ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) வாங்கச் செலவு உண்டா? பழைய எண்ணையே போடலாமா? தொப்பூர் கணவாய்ப் பேய்க் கதைகளைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாமா?
– வாசகி, அரூர்

எண் இலவசம். இந்த எண்ணைத் தரும் ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிப்பாளர் மாறினால் பழைய எண் செல்லாது. அச்சானபின் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்புவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அச்சு எண்ணிக்கையை முடிவுசெய்யும்போதே அந்த 4 பிரதியைக் கணக்கில் வையுங்கள்.

ஊர்வாய்க் கதைக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் ஒருவர் எழுதி வெளியிட்ட வடிவத்தை எடுக்கக் கூடாது. கேட்டதை உங்கள் நடையில் எழுதுங்கள். கணவாயில் விபத்தில் இறந்தவர்களின் பெயர், வண்டி எண், ஊர் எதையும் போடாதீர்கள். அவர்கள் வீட்டார் அந்த வழியாகத்தான் சேலம் போய் வருகிறார்கள்.