கொட்டிலும் குளம்பும்: மிருக வைத்தியர் பதில்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வருவது மாட்டு மடிவீக்கமும் ஆட்டுக் கழிச்சலும்தான். இந்த முறை சேர்ந்து கிடந்த குதிரைக் கடிதங்களைத் தனியே எடுத்தேன். திருகோணமலையில் குதிரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாமே காலைப் பற்றியவை.

*

நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி: டொக்டர், எங்கள் குதிரை உல்லாசப் பயணிகளை ஏற்றிக் கடற்கரையில் நடப்பது. ஒருநாள் காலை திடீரென்று முன் வலது காலை ஊன்றவே மறுத்துவிட்டது. தோள் பிசகிவிட்டது என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவினோம். ஒரு கிழமைக்குப் பிறகு குளம்புக்கு மேலே மயிரோரத்தில் உடைத்துச் சீழ் வந்தது. இப்போது நன்றாக நடக்கிறது. தோளில் இருந்த நோவு எப்படிக் குளம்புக்கு இறங்கியது?

இறங்கவில்லை தம்பி. முதலிலிருந்தே அது குளம்பில்தான் இருந்தது. குதிரை முன்காலை நொண்டினால் எங்கள் ஊரில் பழி முதலில் தோளில்தான் விழும். பாவம் தோள். உடற்பாரத்தில் ஏறத்தாழ 60 வீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. முன்கால் நொண்டலில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குளம்பிலோ அதற்குச் சற்று மேலேயோதான் கிடைக்கும்.

உங்கள் குதிரைக்கு வந்தது குளம்புக்குள் சீழ். குளம்பைத் தூக்கி அடியைக் கழுவிப் பாருங்கள். வெளிச்சுவரும் அடித்தகடும் சேரும் இடத்தில் வெளிறிய ஒரு கோடு சுற்றி ஓடும். சின்னக் கல்லோ சிப்பித் துண்டோ அந்தக் கோட்டில் ஏறினால் கிருமியும் கூடவே போகிறது. உள்ளே சீழ் கட்டும்போது வீங்குவதற்கு இடமில்லை. நகக்கண்ணில் சீழ் கட்டினால் ராத்திரி முழுக்க எப்படித் தெறிக்கும், அந்த நோவில் அரைத் தொன் எடை ஏறினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வழி கிடைக்காத சீழ் சுவரின் உட்பக்கமாக மேலே ஏறி, மயிரும் குளம்பும் சேரும் ஓரத்தில் உடைக்கும். நீங்கள் கண்டது அதைத்தான். எண்ணெய்க்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை.

அடுத்த முறை இப்படிக் காலைத் தூக்கினால் முதலில் இரண்டு முன் குளம்பிலும் உள்ளங்கையை வையுங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா? பிறகு கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் நுனியை மெதுவாக வைத்து நாடி பாருங்கள். நல்ல காலில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சீழ் பிடித்த காலில் அது தானாக வந்து விரலில் இடிக்கும். இது தெரிந்தாலும் மிருக வைத்தியர் வந்து பார்த்தே ஆக வேண்டும். எலும்பு வெடித்தாலும் குதிரை இதே மாதிரித்தான் நிற்கும், ஆகவே அவர் வரும்வரை நடத்த வேண்டாம். வைத்தியர் இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்தி நோகும் இடத்தைப் பிடித்து, ஒரு சிறு துளை போட்டு விடுவார். கறுத்த, நாற்றமான சீழ் வெளியே வந்ததும் அநேகமாக அன்றைக்கோ மறுநாளோ குதிரை காலை ஊன்றும்.

பிறகு வேலை உங்களுடையது. எப்சம் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் குளம்பை ஊற வைத்து, துளையில் சுத்தமான பஞ்சு வைத்து, குழந்தைப் பிள்ளைகளின் பம்பர்ஸ் ஒன்றைக் குளம்போடு சுற்றி, மேலே அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல கட்டுத் துணியை நான் கண்டதில்லை. நனையாத இடத்தில் நிறுத்தி, தினமும் மாற்றுங்கள்.

இரண்டு விடயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, ஏற்பு ஊசி. ஏற்புவலிக்குக் குதிரை மிக எளிதில் ஆளாகும், வந்தபின் காப்பாற்றுவது கஷ்டம். மற்றது, குளம்பில் ஆணி ஏறி நிற்பதைக் கண்டால் அவசரப்பட்டு உருவ வேண்டாம். ஏறிய இடமும் திசையும் தெரிந்தால்தான் மூட்டுவரை போனதா என்று சொல்ல முடியும். இன்னும் உள்ளே ஏறிவிடும் என்று பயந்து உருவத்தான் வேண்டுமென்றால், போனில் ஒரு படம் எடுத்துவிட்டு உருவுங்கள்.

*

சாம்பல்தீவிலிருந்து ஒரு சகோதரி: மணலில் ஓடினால் குதிரைக்குக் கால் உறுதியாகும், கடல் தண்ணீர் எல்லா நோவையும் எடுக்கும் என்கிறார் என் கணவர். இரவு பகலாக மணலில்தான் கட்டுகிறோம், தீனியும் அங்கேயேதான். அவர் சொல்வது சரியா?

பாதி சரி தங்கச்சி. எந்தப் பாதி என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

மணல் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அலை நனைத்து இறுகிய மணல் குதிரைக்கு அருமையான தரை. அடியின் அதிர்ச்சியை வாங்கும், காலையும் விழுங்காது. பத்து எட்டு மேலே வந்தால் கிடக்கிறதே காய்ந்த மணல், அது வேறு. குளம்பு புதைந்து ஒவ்வோர் அடியும் பின்னுக்கு வழுக்கும்போது காலின் பின்புறத் தசைநாண்கள் அளவுக்கு மீறி இழுபடும். அதில் நடக்கலாம். பழக்கமில்லாத குதிரையைப் பாய விட்டால் தசைநாண் வீங்கிப் பல மாதம் கட்டிப் போட வேண்டிவரும்.

எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் பெரிதல்ல. அதனால் அந்த இறுகிய மணல் ஒரு ஒடுங்கிய பட்டைதான், அதுவும் கடல் பக்கம் சாய்ந்தது. சாய்வில் நீண்ட நேரம் ஒரே திசையில் ஓடினால் பாரம் காலின் ஒரு பக்கத்துக்கே போகும். அடிக்கடி திரும்புங்கள். தரை பார்க்க என் கணக்கு இதுதான்: செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே நடந்து பாருங்கள். குதிக்கால் தடம் மட்டும் பதிந்தால் ஓட விடலாம். பாதம் முழுக்கப் புதைந்தால் நடை மட்டும். கரைவலை இழுக்கிற இடங்களில் அறுந்த வலையும் தூண்டில் முள்ளும் மணலுக்குள் கிடக்கும், அங்கே நடையும் வேண்டாம்.

கடல் தண்ணீரைப் பற்றி: முழங்கால் ஆழத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் காலின் சூடு தணியும். நல்லது. பிறகு கிணற்றுத் தண்ணீரால் உப்பைக் கழுவாவிட்டால் தோல் வெடிக்கும். தண்ணீரில் நடப்பது பார்க்க விளையாட்டு, குதிரைக்கோ கடும் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எல்லா நோவையும் அது எடுக்காது. நொண்டும் குதிரையைக் காரணம் தெரியாமல் கடலில் இறக்குவதை உங்கள் கணவர் விட்டுவிட வேண்டும்.

இனி நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருப்பது. எனக்கு அதுதான் பெரிய விடயம். மணலில் தீனி போட்டால் ஒவ்வொரு வாயோடும் மணல் உள்ளே போகும். அது குடலின் அடியில் தங்கிச் சேரும். கழிச்சல் வரும், பிறகு வயிற்றுக் குத்து வரும், சில குதிரைகள் அதிலேயே போய்விடும். நாளைக் காலை புதிதாக விழுந்த சாணத்தில், நிலத்தில் படாத மேல் உருண்டைகள் ஐந்தாறை ஒரு தெளிவான போத்தலில் தண்ணீர் விட்டுக் கலக்கி வையுங்கள். சற்று நேரத்தில் அடியில் மணல் படிந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். படியாவிட்டாலும் தீனியைத் தொட்டியில் போடுங்கள், தொட்டிக்குக் கீழே பழைய இறப்பர் விரிப்பு ஒன்றை விரியுங்கள். சிந்தியதைக் குதிரை அதிலிருந்தே பொறுக்கித் தின்னும்.

ஓடும் தரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், நிற்கும் தரையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. வேலை ஒரு நாளில் சில மணி நேரம்தான், மிச்ச நேரமெல்லாம் குதிரை கொட்டிலில் நிற்கிறது. சீமெந்துத் தரையானால் இறப்பர் விரிப்பும் அதன்மேல் மரத்தூளும் வேண்டும். மண் தரையானால் கிரவல் போட்டு இறுக்கி, மூத்திரம் ஓடக் கொஞ்சம் சாய்வு வையுங்கள். நல்ல மணலும் மோசமில்லை, தினம் அள்ளிச் சுத்தம் செய்தால்.

*

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: மாரி தொடங்கினால் குளம்பின் அடி கறுத்து, கையில் பட்டால் கழுவினாலும் போகாத நாற்றம். லொறிக் கராஜில் கழிவு ஒயில் வாங்கிப் பூசுகிறேன். போதுமா?

ஒயிலை நிறுத்துங்கள் நானா. அது அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. குளம்பின் அடியில் நடுவே முக்கோணமாக, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும் பகுதி இருக்கிறதல்லவா, அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் காற்றுப் படாத இடத்தில் வளரும் கிருமிகளின் வேலை இது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை உங்கள் பக்கம் கொட்டில் சேறுதான், தெரியும். தினமும் கொக்கியால் பள்ளத்தைத் தோண்டி, தூரிகை போட்டுத் தேய்த்து, உலர விட்டு, நீர் கலந்த அயடின் பூசுங்கள். கொட்டிலுக்குள் ஒரு மூலையாவது காய்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த மருந்தும் நிற்காது. கொக்கி பட்டதும் குதிரை காலைப் பறித்தாலோ இரத்தம் வந்தாலோ ஆழமாகப் போய்விட்டது, ஆளைக் கூப்பிடுங்கள்.

*

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்: ஹோட்டலில் மிஞ்சும் பாணும் சோறும்தான் எங்கள் குதிரைக்கு. நேற்று நெல் மூட்டையையும் கிழித்து வயிறு முட்டத் தின்றுவிட்டது. இன்று முன்கால்களை முன்னே நீட்டி, பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது. திருப்பினால் நகர மறுக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கண்டதும் அச்சுக்கு எழுதிக்கொண்டிருக்காமல் போனில் கூப்பிட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: இது லமினைட்டிஸ். மாவுச்சத்து அளவு மீறிப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே புளித்து நஞ்சாகும். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைத்து வைத்திருக்கும் மடிப்புகள் அதனால் வெந்து தளரும். எலும்பு இடம் மாறிவிட்டால் குதிரை பழைய நிலைக்கு வருவது அரிது. மூட்டையைக் கிழித்ததைக் கண்டால் நொண்டும்வரை காத்திருக்காதீர்கள், அந்த நேரமே வைத்தியர்.

கூடவே மீன் வாடியில் ஐஸ் வாங்கி, தண்ணீரோடு கலந்து, முன்கால்களைக் கணுவுக்கு மேலே வரை மூழ்க வையுங்கள். கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் பயனில்லை. இரண்டு மூன்று நாள் விடாமல் குளிர்த்த வேண்டும், ஐஸ் கரையக் கரையப் போட்டுக்கொண்டே. நடத்தாதீர்கள். மேலே நான் திட்டிய ஆழமான மணல் இங்கே உதவும்: அடி முழுவதையும் தாங்கிப் பிடிக்கும். பாணும் சோறும் இனி இல்லை, புல்தான்.

*

உவர்மலையிலிருந்து ஒரு மாணவி: எந்தக் கால் நொண்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, சின்ன ஓட்டமாக நேரே ஓட்டச் சொல்லிவிட்டுத் தலையைப் பாருங்கள் மகள். நோகும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே வரும். பலரும் தலை குனியும் காலைத்தான் நோகும் கால் என்று எண்ணி நல்ல காலுக்கு மருந்து போடுகிறார்கள். பின்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். நோகும் பக்கத்து இடுப்பு மற்றதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்தால் இன்னும் சுலபம்.

*

குச்சவெளி வாசகர்: பஞ்சகல்யாணிக் குதிரை ஒன்று விலைக்கு வருகிறது. நான்கு காலும் வெள்ளை. வெள்ளைக் குளம்பு மெலிது என்கிறார்களே?

நிறம் நிறம்தான். வெள்ளைக் குளம்பும் கறுப்புக் குளம்பும் உறுதியில் ஒன்றே. ராசி பார்த்து முடிந்ததும் தார் ரோட்டில் நடக்கவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். நான்கு அடியும் ஒரே சீராக விழ வேண்டும்.

*

மூதூரிலிருந்து ஒரு ஐயா: இங்கே வண்டில் மாட்டுக்கு லாடம் அடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். குதிரைக்கும் அவரையே கூப்பிடலாமா? கோட்டையில் திரியும் மான்களுக்கு லாடமா அடித்திருக்கிறது என்று என் பேரன் கேட்கிறான்.

பேரன் கேட்டது சரியான கேள்வி. நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கும் லாடம் இல்லை, அவை முருகைக் கல் தரையிலேயே நடந்து நடந்து குளம்பைத் தேய்த்துக்கொள்கின்றன. கட்டி வளர்க்கும் குதிரைக்கு அவ்வளவு நடை ஏது? குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும், முன்பக்கம் மேலிருந்து அடிவரை புதிதாக வர ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை அரத்தால் சீவி மட்டம் செய்தே ஆக வேண்டும். மணலிலும் மண்ணிலும் மட்டும் நடக்கும் உங்கள் குதிரைக்கு அது போதும், லாடம் வேண்டாம். தார் ரோட்டில் தினமும் வண்டி இழுத்தால் யோசிக்கலாம்.

பெரியவரைக் குறை சொல்லவில்லை. மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது, லாடமும் இரண்டு தகடு. குதிரைக்கு ஆணி அந்த வெளிறிய கோட்டுக்கு வெளியே மட்டும்தான் ஏற வேண்டும், உள்ளே ஒரு நூல் போனாலும் சீழ்தான். நுவரெலியாவிலும் கொழும்பிலும் குதிரை லாடம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நிலாவெளி, சாம்பல்தீவுக்காரர்களோடு சேர்ந்து செலவைப் பங்கிட்டு ஒருவரை வரவழையுங்கள், அந்தப் பெரியவரும் பக்கத்தில் நின்று சீவலைப் பழகட்டும். எக்ஸ்ரே தேவைப்படுகிற சிக்கல் என்றால் பேராதனை மிருக வைத்திய பீடத்தைக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் குளம்பு நீண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது, நின்றபடி மேலிருந்து எடுத்திருக்கிறீர்கள். குளம்பைக் கழுவி, கெட்டித் தரையில் நேராக நிறுத்தி, போனை நிலத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஒன்று, முன்னிருந்து ஒன்று, காலைத் தூக்கி அடியை ஒன்று என்று எடுத்து அனுப்புங்கள். நான்கு காலுக்கும்.