டல்லாஸுக்கு அடித்த லாட்டரி: 2025 என்பிஏ ட்ராஃப்ட் கேள்வி பதில்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் ட்ராஃப்ட். ஒவ்வொரு தேர்வு முறைக்கும் ‘பிக்’ என்று பெயர். புரூக்ளினில் ஜூன் 25, 26 ஆகிய இரண்டு இரவுகளில் நடந்த ட்ராஃப்டில் 59 வீரர்கள் எடுக்கப்பட்டார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: பிப்ரவரியில் நட்சத்திர வீரர் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தது டல்லாஸ். மே மாதமே நடந்த லாட்டரி குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் பிக் வாங்கி, கூப்பர் ஃபிளாக்கை எடுத்துவிட்டது. இது முன்கூட்டியே பேசி வைத்ததுதானே அண்ணா?

இல்லை தம்பி. குலுக்கல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சந்தேகம் வராது. 1 முதல் 14 வரை எண் போட்ட பந்துகளை இயந்திரத்தில் போடுவார்கள். 20 விநாடி சுழன்றபின் முதல் பந்து, அதன்பின் 10 விநாடிக்கு ஒன்றாக இன்னும் மூன்று. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சைகை கொடுப்பார். 14 பந்தில் நான்கை எடுக்க 1001 விதம் உண்டு. 11, 12, 13, 14 என்ற ஒரு சேர்க்கை மட்டும் யாருக்கும் கிடையாது. அது வந்தால் மறுபடி குலுக்கல். மீதி 1000 சேர்க்கைகளும் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாத 14 அணிகளுக்கு முன்பே பங்கிடப்பட்டிருக்கும்.

டல்லாஸும் சிகாகோவும் ஆளுக்கு 39 வெற்றி. அந்த இரண்டு இடங்களுக்கும் சேர்த்து 35 சேர்க்கை என்பதால் டல்லாஸுக்கு 18, சிகாகோவுக்கு 17 என்று பிரித்தார்கள். அந்த 18-இல் ஒன்று விழுந்தது. 2008-இல் சிகாகோவும் 2014-இல் கிளீவ்லாந்தும் 1.7 சதவீதத்திலேயே முதல் பிக் பெற்றன. டோன்சிச் ரசிகர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அதை அந்தப் பந்துகள் மேல் காட்டிப் பயனில்லை.

கேள்வி: யூட்டா ரசிகன் நான். 17 வெற்றி, 65 தோல்வி. கடைசி இடத்துக்கு வந்தும் ஐந்தாவது பிக்தான். வயிறு எரிகிறது.

எரியத்தான் செய்யும். ஆனால் கணக்கு முன்பே அப்படித்தான் சொன்னது. கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் வாய்ப்பு தலா 14 சதவீதம். 2019-க்கு முன் கடைசி அணிக்கு மட்டும் 25 இருந்தது. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்கத்தான் குறைத்தார்கள். இந்த ட்ராஃப்டில் குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும். கடைசி அணி ஐந்தாவதுக்குக் கீழே போகாது, ஆனால் ஐந்தாவதில் விழ 47.9 சதவீதம். இருப்பதிலேயே அதிக வாய்ப்புள்ள முடிவுதான் உங்களுக்குக் கிடைத்தது.

கேள்வி: அந்த ஐந்தாவதில் ஏஸ் பெய்லியை எடுத்தார்கள். எந்த அணியின் வொர்க்கவுட்டுக்கும் (அணி வீரரை நேரில் அழைத்து ஆடவைத்துப் பார்ப்பது) போகாதவரை நம்பலாமா? ‘வரமாட்டேன்’ என்று சொன்னால்?

வொர்க்கவுட்டை மறுப்பது வீரரின் கையில் இருக்கிற ஒரே துருப்புச் சீட்டு. எடுத்துவிட்டால் உரிமை அணியிடம். கையெழுத்துப் போடாவிட்டால் ஓராண்டு காத்திருந்து அடுத்த ட்ராஃப்டில் நிற்க வேண்டும். அந்த ஓராண்டுச் சம்பளத்தை இழக்க யார்தான் முன்வருவார்? யூட்டா துணிந்து எடுத்தது சரி என்பேன். அந்த உயரத்தில் தடுப்பவர் தலைக்கு மேலே எழும்பிப் போடும் ஆள் அரிது. ஆனால் பாஸ் கொடுக்காமல் கடினமான ஷாட்டுக்கே போகிறார். பார்க்க வேண்டிய குறை அதுதான், வொர்க்கவுட் அல்ல.

கேள்வி: நியூ ஆர்லியன்ஸ் டெரிக் குவீனை எடுத்ததற்கு ஏன் இவ்வளவு திட்டு? நல்ல ஆட்டக்காரர்தானே?

நல்ல ஆட்டக்காரர்தான். கல்லூரிப் போட்டியில் கொலராடோ ஸ்டேட்டுக்கு எதிராகக் கடைசி நொடியில், இடப்பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டே இறங்கி, பலகையில் மோதி உள்ளே விழும்படி எறிந்தாரே, மேரிலாந்து 72-71 என்று ஜெயித்தது! வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமான சென்டருக்கு அந்தக் கைத்திறன் லேசில் வராது. குதிப்பு குறைவு, வளையத்தைக் காப்பதில் பலவீனம்.

திட்டு வீரருக்கு இல்லை, விலைக்கு. 23-ஆவது பிக்கிலிருந்து 13-ஆவதுக்கு ஏற, அட்லாண்டாவுக்கு 2026 முதல் சுற்று பிக்கையும் கொடுத்தார்கள். அதுவும் நியூ ஆர்லியன்ஸ், மில்வாக்கி இரண்டின் பிக்குகளில் எது முன்னால் வருகிறதோ அது, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல். 21-61 என்று முடித்த அணி இப்படிச் செய்யலாமா? அந்த அணியின் டெஜான்டே முர்ரேவுக்குக் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. அப்போது மில்வாக்கியில் இருந்த டேமியன் லில்லார்டுக்கும் அதே காயம். ஆக இரண்டு அணியில் எது சறுக்கினாலும் லாபம் அட்லாண்டாவுக்கு. ‘முதல் நான்குக்குள் வந்தால் எங்களுக்கே’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ட்ரேடை (அணிகள் வீரர்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) படிக்கும்போது முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், வீரர் பெயர் பிறகு.

கேள்வி: காமன் மலுவாச் ஃபீனிக்ஸ் வீரர் என்கிறார்கள். மேடையில் ஹூஸ்டன் தொப்பி போட்டிருந்தாரே?

ஃபீனிக்ஸ் கெவின் டுரான்டை ஹூஸ்டனுக்குக் கொடுத்த ட்ரேடில் அந்த 10-ஆவது பிக் ஃபீனிக்ஸுக்குப் பேசி முடிந்தது. ஆனால் ஜூலையில்தான் ட்ரேட் அதிகாரபூர்வமானது. அதுவரை பிக் ஹூஸ்டன் பெயரில், தொப்பியும் அவர்களுடையது.

கேள்வி: புரூக்ளின் முதல் சுற்றிலேயே ஐந்து பேரை எடுத்தது பலமா, குழப்பமா?

ஒரே ட்ராஃப்டில் எந்த அணியும் செய்யாதது. எனக்குக் கவலைதான். ஒரு ஆட்டத்தில் பங்கிட இருப்பது 48 நிமிடம், ஐந்து இடம். மொத்தம் 240 நிமிடம். டெமின், த்ராவோரே, சராஃப், வுல்ஃப் நால்வரும் பந்து கையில் இருந்தால்தான் சோபிப்பவர்கள். பந்தோ ஒன்றுதான். டெமின் கல்லூரியில் மூன்று புள்ளி எறிதலில் சுமார் 27 சதவீதம். பந்து இல்லாமல் ஓரத்தில் நின்றால் அவரை யாரும் காவல் காக்க மாட்டார்கள். முதல் சுற்று ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி என்பதால், தவறினால் சட்டென்று விடுவிக்கவும் முடியாது.

கேள்வி: இந்தியாவிலிருந்து யாராவது எடுக்கப்பட்டிருக்கிறார்களா? எப்படிப் பெயர் கொடுப்பது?

2015-இல் பஞ்சாபின் சத்னாம் சிங்கை 52-ஆவதாக எடுத்தது இதே டல்லாஸ்தான். என்பிஏ ஆட்டத்தில் இறங்க வாய்ப்பு வரவில்லை. அமெரிக்காவுக்கு வெளியே ஆடும் வீரர் அந்த ஆண்டுக்குள் 22 வயதை எட்டினால் தானாகவே தகுதி. அதற்கு முன் வர வேண்டுமென்றால் அந்த ஆண்டுக்குள் 19 வயதாவது நிரம்ப வேண்டும். ட்ராஃப்டுக்கு 60 நாள் முன் எழுத்தில் பெயர் கொடுக்க வேண்டும். 10 நாள் முன்புவரை திரும்பப் பெறலாம். அந்தத் தேதியைத் தவறவிட்டு, யாரும் எடுக்காமலும் போனால் அடுத்த ஆண்டு ட்ராஃப்டில் நிற்க முடியாது. அதன்பின் எந்த அணியுடனும் நேரடியாகப் பேசிச் சேர்வதுதான் வழி.