ரேடியேட்டரில் எண்ணெய்க் கூழ்: ஹெட்டைத் தொடாதீர்கள்

ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்மூடியை, கழற்ற வேண்டாம். முதலில் என்ஜின் எண்ணெயைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரைப் பாருங்கள். மியான்மரின் லாஷியோ ஏற்றம் முடித்து மண்டலே திரும்பியதும் ரேடியேட்டரில் பால்தேநீர் நிறக் கூழ், டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில்) மட்டும் சுத்தமான எண்ணெய் என்கிறீர்கள். பெரும்பாலும் கூலரின் உள்தகட்டில் விரிசல்தான். என்ஜின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம், அதனால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும்.

கூலரைக் கழற்றி, எண்ணெய்த் துளை ஒன்றை ரப்பர் வைத்து இறுக்கி அடையுங்கள். மற்றதில் 3 பார் காற்று கொடுத்து வெந்நீரில் அமிழ்த்திப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பச்சைத்தண்ணீரில் ஒளிந்துகொள்ளும் விரிசல் சூட்டில் வாய் திறக்கும். ஊசிமுனைக் குமிழி ஒன்று தொடர்ந்து வந்தாலே கோர், அதாவது கூலரின் உள்தகட்டுப் பகுதி, போய்விட்டது.

பட்டறையில் பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள். நானும் ஒருமுறை நம்பினேன், இரண்டே மாதம். புதுக் கோர், புதுக் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் இடைத்தகடு) போடுங்கள். எண்ணெயில் ஊறி உப்பிய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள். தண்ணீர்ப் பாதையைக் கூழ் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், சலிப்பான வேலை.

குமிழியே வராவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் தண்ணீர் கலந்த வெளுப்பு தெரிந்தால் என்ஜினை இயக்கவே வேண்டாம், பேரிங் போய்விடும்.